ஊற்றுப் பேனாவில் பளிச் மஞ்சள் மை: வாங்குவதிலிருந்து கழுவி வைப்பது வரை

இங்க் பேனாவில் மஞ்சள் மை போட்டுப் பார்க்க ஆசையா? தாராளமாகப் போடுங்கள். ஆனால் நீல மைக்குச் செய்வதுபோல பாட்டிலை வாங்கிக் கையில் இருக்கும் பேனாவில் ஏற்றினால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். எழுத்து கண்ணுக்கே தெரியாது, இல்லையென்றால் பச்சையாக வரும். ‘இந்த மை சரியில்லை’ என்று பாட்டிலை மூலையில் வைத்துவிடுவார்கள். குறை மையில் இருக்காது. பேனாவைத் தயார் செய்த விதத்திலும் நிப்பின் அகலத்திலும்தான் இருக்கும்.

எனக்கு இது பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது. ஒருவர் நிப்பைப் பற்றிச் சொல்வார், இன்னொருவர் தாளைப் பற்றி மட்டும் சொல்வார், செலவைப் பற்றி யாரும் வாயே திறக்க மாட்டார்கள். நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

1. எதற்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மஞ்சளில் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கணினித் திரையில் எழுத்தைச் சிரமமில்லாமல் வாசிக்க, எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 என்ற அளவிலாவது வேறுபாடு வேண்டும் என்பது வலைப் பக்கம் வடிவமைப்பவர்கள் பின்பற்றும் அளவுகோல். வெள்ளையின் மேல் தூய மஞ்சளை வைத்தால் கிடைப்பது 1.07:1. தாளில் கணக்கு சற்று மாறும், நிலைமை பெரிதாக மாறாது. எவ்வளவு நல்ல மையாக இருந்தாலும் வெள்ளைத் தாளில் மெல்லிய மஞ்சள் எழுத்து கண்ணைச் சோர வைக்கும்.

மஞ்சள் உண்மையிலேயே சிறப்பாக நிற்கும் இடங்கள் வேறு. படிக்கும் பாடத்தில் முக்கியமான வரியின் மேல் கோடிடுவது, பட்டை நிப்பில் பெரிய தலைப்பு எழுதுவது, படத்துக்கு அடி வண்ணம் பூசுவது, வேறு நிற மையோடு கலந்து புதிய நிறம் எடுப்பது. இதில் எது உங்களுக்கு என்று தெரிந்துவிட்டால் எந்த மை, எந்த நிப் என்ற கேள்விகள் பாதி தீர்ந்துவிடும்.

2. எந்த மஞ்சள்?

‘மஞ்சள்’ என்று விற்கப்படுவதை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

முதல் வகை, ஒளிரும் மஞ்சள். ஹைலைட்டர் பேனாவின் அதே நிறம். பெலிக்கனின் ஹைலைட்டர் மை, நூட்லர்ஸ் ‘ஃபயர்ஃப்ளை’, கவெக்கோவின் ‘குளோயிங் யெல்லோ’ கார்ட்ரிட்ஜ் (மை நிரப்பியே வரும் சிறு குழல்) எல்லாம் இந்த வகை. மஞ்சள் ஹைலைட்டர்களில் பரவலாகப் பயன்படும் சாயத்தின் பெயர் பைரனின். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் வாங்கிப் பச்சை கலந்த ஒளியாகத் திருப்பித் தரும். அதனால்தான் தாளைவிடவே பிரகாசமாகத் தெரிகிறது. கோடிட மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். எழுத்துக்கு ஆகாது.

இரண்டாவது, ஒளிராத பளிச் மஞ்சள். பிளாட்டினம் ‘சன்னி யெல்லோ’, டயமைன் ‘சன்ஷைன் யெல்லோ’, ஜே. ஹெர்பின் ‘பூட்டோன் டோர்’, ரோரர் அண்ட் கிளிங்னர் ‘ஹீலியான்தஸ்’ போன்றவை. தலைப்பு, படம், கலவை எல்லாவற்றுக்கும் இந்த வகை ஒத்துவரும். முதல் மஞ்சளை இதிலிருந்து எடுங்கள் என்பதுதான் என் கருத்து. கலந்து விளையாட நினைப்பவர்களுக்கு பிளாட்டினம் மிகப் பொருத்தம். அந்த வரிசையே ஒன்றோடொன்று கலப்பதற்காகத் தயாரிக்கப்பட்டது. 9 நிறங்களும், நிறத்தை இளக்க நிறமில்லாத திரவம் ஒன்றும் உண்டு.

மூன்றாவது, பொன் மஞ்சள். டயமைன் ‘ஆம்பர்’ மாதிரி. இதில் எழுதினால் ஓரளவு வாசிக்க முடியும். ஆனால் நீங்கள் தேடிய அந்தப் பளிச் போய்விடும்.

வண்ணமாதிரிப் படங்களை நம்பும்போது கவனம் தேவை. விற்பவர்கள் காட்டும் படம் பெரும்பாலும் காது குடையும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தது. தடவினால் மை கனமாகப் படியும், நிறம் இரண்டு படி அடர்த்தியாகத் தெரியும். பேனாவால் எழுதிய கோடு இருக்கும் படம் கிடைக்கும் வரை தேடுங்கள்.

3. வாங்குவது: சாம்பிள், பில், செலவு

சாம்பிளில் தொடங்குங்கள். பேனா, மை விற்கும் சில கடைகள் 2 அல்லது 5 மி.லி. குப்பிகளில் சாம்பிள் தருகின்றன. மி.லி. கணக்கில் பார்த்தால் அது அதிக விலையாகத்தான் தெரியும். உதாரணத்துக்கு 30 மி.லி. பாட்டில் 900 ரூபாய் என்றால் மி.லி. 30 ரூபாய். 2 மி.லி. சாம்பிள் 120 ரூபாய் என்றால் மி.லி. 60 ரூபாய், இரண்டு மடங்கு. ஆனாலும் 120 ரூபாயில் பதில் தெரிந்துவிடுகிறது. 2 மி.லி.யை வைத்து ஒரு சாதாரண கன்வர்ட்டரை (பேனாவுக்குள் மாட்டி மை நிரப்பும் சிறு குழாய்) இரண்டு மூன்று முறை நிரப்பலாம். சோதனைக்கு அது தாராளம்.

விலையை ஒப்பிடும்போது பாட்டிலின் அளவைப் பார்க்க மறக்காதீர்கள். ஹெர்பின் 30 மி.லி., ரோரர் 50, பிளாட்டினம் 60, டயமைன் 30, 80 என இரண்டு அளவு. அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்து மி.லி.க்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் மலிவு என்று நினைத்தது மலிவாக இருக்காது.

உள்நாட்டு இணையக் கடை என்றால் பில் மட்டும் போதும். பில்லில் மையின் முழுப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘யெல்லோ இங்க்’ என்று பில் போட்ட ஒரு கடையிலிருந்து எனக்கு ஆரஞ்சு வந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்க அந்தப் பில்லில் ஆதாரமே இல்லை. பெட்டியைப் பிரிப்பதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் உடைந்தோ ஒழுகியோ வந்தால் அந்த வீடியோதான் பேசும். திரவம் என்பதால் சிலர் விமானத்தில் ஏற்றாமல் தரைவழியில் அனுப்புவார்கள். வழக்கமான பார்சலைவிட இரண்டு மூன்று நாள் கூடுதலாக ஆனால் பதற வேண்டாம்.

வெளிநாட்டுக் கடையிலிருந்து நேராக வரவழைப்பது என்றால் காகித வேலை கூடும். கூரியர் நிறுவனம் கே.ஒய்.சி. (அடையாளச் சான்று) கேட்கும். ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல், வாங்கியதற்கான இன்வாய்ஸ், பணம் கட்டியதற்கான அத்தாட்சி மூன்றையும் பி.டி.எஃப். ஆகத் தயாராக வைத்திருங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே ஆர்டர் போடுங்கள். செல்லப் பெயரிலோ பாதிப் பெயரிலோ போட்டால் பார்சல் சுங்கத்தில் உட்கார்ந்துவிடும். சுங்க வரியோடு கூரியரின் கையாளும் கட்டணமும் தனியாக வரும். ஒற்றை மை பாட்டிலுக்கு இந்தக் கட்டணங்களே மையின் விலையைத் தொட்டுவிடலாம். ‘பரிசு என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரி கிடையாது’ என்று இன்னும் சிலர் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள், 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பார்சலுக்கு இருந்த விலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது.

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ சொந்தக்காரர் வருகிறார் என்றால் அதுதான் சுலபம். கைப்பையில் வைப்பதாக இருந்தால் பாட்டில் 100 மி.லி.க்கு மேல் இருக்கக் கூடாது. மை பாட்டில்களில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கிவிடும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஜிப் கவரில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இன்னொரு பொறி: ஓவியப் பொருள் கடையில் ‘டிராயிங் இங்க்’ என்ற பெயரில் அருமையான மஞ்சள் கிடைக்கும், விலையும் குறைவு. தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் அரக்கோ அக்ரிலிக்கோ இருக்கும். உள்ளே காய்ந்துவிட்டால் பேனா போனதுதான். பிரிண்டர் ரீஃபில் மை, ஸ்டாம்ப் பேட் மை, ஹைலைட்டரைப் பிரித்து எடுத்த மை எதுவும் வேண்டாம். ‘ஃபவுண்டன் பென் இங்க்’ என்று பாட்டிலில் இருக்க வேண்டும்.

4. பேனாவும் நிப்பும்

மெல்லிய நிப் மஞ்சளுக்கு எதிரி. ஜப்பானிய எஃப் (ஃபைன், மெல்லிய) நிப் ஐரோப்பிய எஃப் நிப்பைவிட மெல்லியது, அதில் மஞ்சள் இருப்பதே தெரியாது. பி (பிராட், அகலமானது), நுனி பட்டையாக வெட்டிய ஸ்டப், இட்டாலிக் பக்கம் போங்கள்.

லேமி சஃபாரி வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. புதுப் பேனா வாங்க வேண்டாம், 1.1, 1.5, 1.9 மி.மீ. நிப்கள் தனியாகக் கிடைக்கின்றன. நிப்பின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி நேராக இழுத்தால் பழையது கழன்று வரும், புதியதை அப்படியே தள்ளி மாட்டலாம். கோடிட 1.9 வசதி. தலைப்பும் கோடும் இரண்டும் வேண்டும் என்றால் 1.5.

இதைவிட அகலம் வேண்டும் என்றால் பைலட் பேரலல் பேனா. 1.5 முதல் 6.0 மி.மீ. வரை பல அளவுகளில் வருகிறது. 3.8-இல் மஞ்சள் போட்டு, இன்னொரு பேரலலில் சிவப்போ நீலமோ போட்டு, இரண்டு நிப் நுனிகளையும் ஒரு நொடி தொடவிட்டு எழுதிப் பாருங்கள். மஞ்சள் பேனாவின் முதல் எழுத்து ஆரஞ்சாகவோ பச்சையாகவோ தொடங்கி, போகப் போக மஞ்சளாக முடியும். மஞ்சள் மை வாங்கியதற்கு இது ஒன்றே போதும் என்று தோன்றும்.

முடிந்தால் உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பேனாவை எடுங்கள். லேமி விஸ்டா, ட்விஸ்பி ஈகோ போன்றவை. பழைய மை மிச்சம் இருக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். திருவள்ளூர் ரங்கா மாதிரி நேராக மை ஊற்றும் எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாக்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் முதல் சோதனைக்கு அவை வேண்டாம், 3 மி.லி.க்கு மேல் மை கேட்கும். 2 மி.லி. சாம்பிள் குப்பி அதற்குப் போதாது.

5. கழுவுவது (இதைத் தவிர்த்தால் மற்ற எல்லாம் வீண்)

நிப்புக்கு அடியில் வரிவரியாக வெட்டுப் போட்ட ஒரு கட்டை இருக்கிறதே, அதுதான் ஃபீட். அந்த வெட்டுகளுக்குள் பழைய மை ஒளிந்திருக்கும். பேனாவைக் கழுவி, தண்ணீர் தெளிவாக வந்துவிட்டது என்று நினைத்தாலும் இருக்கும். கறுப்பு மைக்கு மாறும்போது அது பிரச்சினையே இல்லை. மஞ்சளுக்கு மாறும்போது ஒரு துளி நீலத்தின் மிச்சம் போதும், முதல் பத்து வரியும் இளம் பச்சை.

மருந்துக் கடையில் 5 மி.லி. சிரிஞ்சு ஒன்று வாங்கி ஊசியைக் கழற்றிவிடுங்கள். ரப்பர் பல்ப் இருந்தால் அது இன்னும் நல்லது. பேரலல் பேனாவோடு கழுவும் பல்ப் பெட்டியிலேயே வரும். சாதாரணத் தண்ணீரை நிப் பகுதி வழியாகத் திரும்பத் திரும்ப அடித்துவிடுங்கள். தெளிவாக வந்த பிறகு அந்தப் பகுதியை இரவு முழுக்க ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் டம்ளரை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். நிப்பின் அடியில் மெல்லிய நீலப் புகை போல இறங்கி நிற்கும். அந்த நீலம் வருவது நிற்கும் வரை தண்ணீரை மாற்றுங்கள்.

பிடிவாதமாக இருந்தால் ஒரு பங்கு வீட்டு உபயோக அம்மோனியா, பத்துப் பங்கு தண்ணீர், ஒரே ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு நன்றாக அலசுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பிளீச்சோடு அம்மோனியாவைச் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். வெந்நீரும் வேண்டாம், எபோனைட் ஃபீட் வளைந்துவிடும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர் பயன்படுத்துங்கள். பேட்டரிக் கடையில் சில பத்து ரூபாய்க்கு ஒரு லிட்டர் கிடைக்கும். பேட்டரி ஆசிட்டும் அதே மாதிரி கேனில், அதே அலமாரியில் இருக்கும். லேபிளை வாசித்து, கடைக்காரரிடமும் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்த பிறகே எடுங்கள்.

கடைசியாக நிப்பை மடித்த டிஷ்யூவின் மேல் நிற்க வைத்து ஒரு நாள் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு மை ஏற்றினால் மஞ்சள் நீர்த்துப் போய், மையே வெளிறியது என்று தப்பாக முடிவு செய்துவிடுவீர்கள்.

6. மை ஏற்றுவது

பேனாவைப் பாட்டிலுக்குள் முக்காதீர்கள். நிப்பில் ஒட்டியிருக்கும் ஒரு துளி வேறு நிறம் பாட்டில் முழுவதையும் கெடுத்துவிடும், அதை மீட்க வழியே கிடையாது. சுத்தமான சிரிஞ்சால் தேவையான அளவை எடுத்து நேராகக் கன்வர்ட்டருக்குள் விடுங்கள். பைலட் கான்-40 சுமார் 0.4 மி.லி. பிடிக்கும், சிறிய கார்ட்ரிட்ஜ் 0.8 மி.லி.யை ஒட்டி. காலியான கார்ட்ரிட்ஜைக் கழுவி, சிரிஞ்சால் நிரப்பி மாட்டினாலும் சரிதான். மஞ்சளுக்கென்று தனி சிரிஞ்சு ஒன்றை ஒதுக்கி, அதில் மஞ்சள் நூலைக் கட்டி வைத்துவிடுங்கள்.

7. தாளும் சோதனைப் பக்கமும்

வெள்ளைத் தாள் எடுங்கள், கிரீம் நிறத் தாள் வேண்டாம். கிரீமில் மஞ்சள் கரைந்துவிடும். கறுப்புத் தாளில் பளிச்சென்று வரும் என்று எண்ணாதீர்கள். பேனா மை ஒளி ஊடுருவும் சாயம், கறுப்பின் மேல் ஈரத் தடம் மட்டும்தான் மிஞ்சும்.

கிளேர்ஃபோன்டேன் 90 ஜி.எஸ்.எம். (தாளின் எடையளவு, கூடினால் தாள் கனமானது) வெள்ளைத் தாள் கிடைத்தால் அருமை. இல்லையென்றால் 80 ஜி.எஸ்.எம். காப்பியர் தாளில் தொடங்குங்கள். அகல நிப் மையை அதிகம் கொட்டும் என்பதால் மெல்லிய நோட்டுத் தாளில் பின்பக்கம் ஊறிவிடும்.

பக்கத்தின் மேலே மையின் பெயர், பேனா, நிப், தாள், தேதி ஆகியவற்றைக் கறுப்பு பால்பாயின்ட்டில் எழுதுங்கள். மஞ்சளிலேயே எழுதினால் பிறகு உங்களாலேயே வாசிக்க முடியாது. கீழே நான்கு வரி எழுதுங்கள், ஒரு கட்டத்தை நிரப்புங்கள், ஒரே கோட்டை மூன்று முறை ஒன்றன்மேல் ஒன்றாக இழுங்கள். எழுதியவுடன் கோடு ஈரத்தில் அடர்ந்த பொன் நிறமாக மின்னும். அதைப் பார்த்து மயங்காதீர்கள், காயக் காய வெளிறும். முழுக்கக் காய்ந்த பிறகு கோட்டின் முடிவைப் பாருங்கள். நிப்பைத் தூக்கிய இடத்தில் மை தேங்கி ஆரஞ்சை நெருங்கியிருக்கும், நடுவில் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் ஊற்றுப் பேனா மஞ்சளின் அழகு. ஹைலைட்டர் பேனாவில் அது கிடைக்கவே கிடைக்காது.

காயும் நேரம் பார்க்க 5, 10, 20, 30, 60 வினாடிகளுக்கு ஒரு கோடு என்று இழுத்து விரலால் தேயுங்கள். மஞ்சள் தீற்றல் தாளில் சரியாகத் தெரியாது, வெள்ளை டிஷ்யூவால் துடைத்து டிஷ்யூவைப் பாருங்கள்.

இதையெல்லாம் பகலில், ஜன்னலோரம் செய்யுங்கள். இரவில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் தாளும் மஞ்சளாகிவிடும், எழுத்து மறைந்துவிடும். மொபைல் கேமராவும் மஞ்சளை அதன் போக்கில் மாற்றும், அதனால் படத்தை வைத்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள்.

8. எழுத்தின் மேல் கோடிட்டுப் பார்ப்பது

கோடிடத்தான் வாங்கினீர்கள் என்றால் முக்கியமான சோதனை இது. லேசர் பிரிண்ட், பால்பாயின்ட் ஆகியவற்றின் மேல் கவலையில்லை. சாதாரண நீல இங்க் பேனா எழுத்தின் மேல் இழுத்தால் நீலம் கரைந்து பச்சைத் தீற்றலாகும். அதோடு அந்த நீலம் நிப்பில் ஏறி, அடுத்த சில கோடுகளையும் பச்சையாக்கும். இங்க்ஜெட் பிரிண்டும் பல சமயம் அப்படித்தான். இங்க் பேனாவில் குறிப்பெடுத்து அதன் மேலேயே கோடிட வேண்டும் என்றால், குறிப்பை பிளாட்டினம் கார்பன் பிளாக், செய்லர் கிவாகுரோ போன்ற, காய்ந்தபின் தண்ணீரில் எளிதில் கரையாத நிறமி மையில் எழுதுங்கள். நன்றாகக் காயவிட்டு, கோட்டை ஒரே இழுப்பாக இழுங்கள். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள்.

9. வெயில் சோதனை

ஒரு சீட்டில் பட்டையாக மஞ்சளைத் தடவி, பாதியை அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள். ஒரு வாரத்தில் ஒரு தரம், ஒரு மாதத்தில் ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். ஒளிரும் வகை வேகமாக வெளுக்கும். சட்டம் போட்டு மாட்டும் வேலைக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். வாங்கியது ஒளிரும் வகையா என்று சந்தேகம் இருந்தால், ரூபாய் நோட்டைச் சரிபார்க்கும் புற ஊதா லைட்டின் கீழ் காட்டினால் உடனே தெரிந்துவிடும். காப்பியர் தாளே அதில் நீலமாக ஒளிரும், குழம்பாமல் கோட்டை மட்டும் கவனியுங்கள்.

10. எங்கே எழுதக் கூடாது

காசோலை, வங்கிப் படிவம், பத்திரம், விண்ணப்பம், தேர்வுத்தாள். காசோலைகள் இப்போது ஸ்கேன் படமாகத்தான் வங்கிகளுக்கு இடையே போகின்றன, படத்தில் தெளிவாக விழும் மை வேண்டும். மஞ்சள் கறுப்பு-வெள்ளை ஸ்கேனிலும் ஜெராக்ஸிலும் பெரும்பாலும் காணாமல் போகும். இதையே சாதகமாகவும் பயன்படுத்தலாம். நகல் எடுக்கப் போகும் படத்துக்கு உதவிக் கோடுகளை மஞ்சளில் மெல்லியதாகப் போட்டுக்கொண்டால் நகலில் அவை வராது. முதலில் ஒரு நகல் எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

11. கலப்பதும் கழற்றி வைப்பதும்

கலந்து பார்க்க ஆசை இருந்தால் ஒரே வரிசை மைகளையே கலக்குங்கள். மஞ்சளை அதிகமாக எடுத்து, அதில் அடர் நிறத்தைத் துளித் துளியாக விடுங்கள். தலைகீழாகச் செய்தால் நீலத்தை அடக்க மஞ்சள் பாட்டிலே காலியாகும். கலவையை ஒரு நாள் குப்பியில் வைத்து, அடியில் மண்டி படிகிறதா என்று பார்த்த பிறகே பேனாவில் ஏற்றுங்கள்.

பேனாவில் மஞ்சளை வாரக்கணக்கில் போட்டு வைத்தால் தண்ணீர் ஆவியாகி மை கெட்டிப்படும், நிறம் பொன்னை நோக்கி நகரும். எழுத அப்போது நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் ஃபீட் அடைக்கத் தொடங்குகிறது என்று பொருள். மாதம் ஒரு முறையாவது கழுவிவிடுங்கள்.

மிச்ச மையைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள். பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் ஒரு தரம் முகர்ந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். பாசி வாடை அடித்தாலோ மேலே நூல்போல ஏதாவது மிதந்தாலோ அந்தப் பாட்டில் முழுக்கக் குப்பைக்கு, அதைத் தொட்ட பேனாவும் சிரிஞ்சும் அம்மோனியாக் கரைசலுக்கு. நல்ல பாட்டில் என்றால் திறந்த தேதியை எழுதி ஒட்டி, பெட்டிக்குள் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பில்லையும் அந்தப் பெட்டியிலேயே மடித்து வைத்துவிட்டால் அடுத்த பாட்டில் வாங்கும்போது மையின் சரியான பெயரைத் தேட வேண்டியிருக்காது.